நெய் தேடிய சிவகாசிப் பார்ட்டி

"ஏலே செல்வம், ஆர்டர் வந்துருச்சுலே!" என்று ஞானம் அக்கா போனில் கத்தியபோது நான் இட்லியில் கை வைத்திருந்தேன்.

"நெய் போன வாரம் சொன்ன ரேட்டுதான?"

"அதே ரேட்டுதான்க்கா" என்றேன், வாயில் இட்லியோடு. மார்க்கெட்டை விசாரிக்கவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாப்பிடும்போது ரேட் சொல்லாதீர்கள்.

விருதுநகரில் எனக்கு நெய், வெண்ணெய், பால்பவுடர் மொத்த வியாபாரம். ஞானம் அக்கா சிவகாசியில் ஸ்வீட் பட்டறை நடத்துகிறார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி, தீபாவளி போனஸ் அன்று வீடு திரும்ப வேன் ஏறும் ஒவ்வொரு தொழிலாளி கையிலும் மைசூர்பாகு பெட்டி கொடுக்க, முதல்முறையாக அக்காவுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அக்கா பெட்டிக்கு விலை பேசியது என் ரேட்டை நம்பி. அது ஏறினால் டால்டா கலக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டரைத் திருப்ப வேண்டும். டால்டா என்று நான் வாயைத் திறந்தால் அக்கா முதலில் என்னைத்தான் கடாயில் போடுவார்.

தீபாவளிக்கு முந்தின நெய் மார்க்கெட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெண்ணெய் ஏறினால் நெய் அன்றைக்கே ஏறும். வெண்ணெய் இறங்கினால் மட்டும் நெய் உட்கார்ந்து யோசிக்கும். ஏன் என்று கேட்டால், "பழைய சரக்குண்ணே" என்பார்கள். ஏறும்போது மட்டும் பழைய சரக்கு எங்கே போகும் என்று இத்தனை வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

காலையிலேயே புரோக்கர் சுடலைமணிக்குப் போன் போட்டேன். "உருக்கு நெய், ஒரு லோடு. வெள்ளிக்கிழமைக்குள்ள சிவகாசியில இறங்கணும். டின் ஒண்ணுகூட நசுங்கியிருக்கக் கூடாது. பேர் சொல்லிறாத."

பேர் சொல்லாதது எங்கள் மார்க்கெட் வழக்கம். "ஒரு பார்ட்டி கேக்குறாக" என்பதோடு புரோக்கர் நிறுத்திக்கொள்வார். பெயர் தெரிந்தால் அவசரமும் தெரிந்துவிடும், ரேட்டை ஏற்றிவிடுவார்கள். நசுங்கின டின் மட்டும் என் சொந்த வியாதி. ஒருமுறை ஒன்று ஒழுகி, இறக்குகிற இடத்துக்கு நெய்க்கு முன்னால் எறும்பு போய்ச் சேர்ந்தது.

சுடலைமணி சொன்ன ரேட் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. சரி, ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று மதுரைப் புரோக்கருக்குப் பேசினேன். பிறகு ஈரோட்டுக்கு. பிறகு ஊத்துக்குளிக்கு. எல்லோரிடமும் அதே லோடு, அதே வெள்ளிக்கிழமை, அதே டின்.

மத்தியானம் மதுரைக்காரர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, ரேட் ஏறிருச்சு. சிவகாசிப் பார்ட்டி ஒருத்தன் எல்லாப் பக்கமும் நெய் தேடுறானாம்."

எவனோ ஒருவன் மொத்த நெய்யையும் அள்ளிக்கொண்டு போகப் போகிறான்! உடனே நாலு பேருக்கும் மறுபடி போன் போட்டேன். "ஒரு லோடு பத்தாது, ரெண்டா எடுத்து வைங்க."

சாயங்காலம் ஈரோட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணாச்சி, நெலம மோசம். அந்தப் பார்ட்டி டபுள் கேக்குறானாம்."

மறுநாளும் ரேட் ஏறியது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, மார்க்கெட் கொஞ்சம் சரியில்ல..."

"எனக்கு மார்க்கெட்டத் தெரியாதுலே. ஒன்னையத்தான் தெரியும். மாவு சலிச்சாச்சு, ஆள் சொல்லியாச்சு. இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா அடுத்த வருசம் அந்தக் கம்பெனி வாசல்ல என்னைய நிக்க விடுவாகளா?"

இருக்கன்குடி மாரியம்மனுக்கு மனசுக்குள் ஒரு டின் நேர்ந்துகொண்டு, பைக்கை எடுத்துச் சுடலைமணி கடைக்கே போனேன். போட்டிக்காரன் யாரென்று தெரிந்தால் அவன் காலில் விழுந்தாவது ஒரு லோடு பிரித்து வாங்கிவிடலாம் என்பது திட்டம்.

"அவன் யாருன்னு சொல்லு சுடலை."

"பேர் யாருக்குமே தெரியல அண்ணாச்சி. நாலு ஊர்லயும் அவன் பேச்சுதான். உருக்கு நெய்தான் வேணுமாம்."

"நம்ம சரக்கையே கேக்குறான் பாரு!"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சிவகாசியில இறங்கணுமாம்."

"நமக்குப் போட்டியாவே வந்திருக்கான்யா!"

"இதுல வேற, டின் ஒண்ணுகூட நசுங்கியிருக்கக் கூடாதாம். என்ன கிறுக்குப்பய அண்ணாச்சி இவன்?"

"கிறுக்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினேன். சுடலைமணி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்க எத்தன பேருகிட்டச் சொன்னீக?"

அவன் டீயை எடுத்துக் குடித்தேன்.

அங்கேயே உட்கார்ந்து மற்ற மூன்று பேருக்கும் போன் போட்டு, "வேண்டாம், கேன்சல்" என்றேன். சுடலைமணியை வாயே திறக்காமல் இருக்கச் சொன்னேன். அந்த ராத்திரி கழிந்தது பெரும்பாடு. விடிந்ததும் சுடலைமணி போனுக்கு ஊத்துக்குளிச் சரக்கு தானாகவே வந்து நின்றது. "சிவகாசிப் பார்ட்டி ஓடிட்டானாம், கொஞ்சம் பாத்து எடுத்துக்கோங்க" என்று கெஞ்சினார்களாம். ஒரே ஒரு லோடு எடுத்தோம். பழைய ரேட்டுக்கு முழுசாக இறங்கவில்லை. வித்தியாசம் என் தலையில். அக்காவுக்குச் சொன்ன ரேட் சொன்ன ரேட்தான்.

போனஸ் அன்று வேனுக்கு வேன் பெட்டி ஏறியது. நடந்ததை அன்றைக்குத்தான் அக்காவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன்னைய நம்பி அடுப்புப் பத்த வச்சேன் பாருலே" என்றார்.

நான் கற்ற பாடம் இதுதான். ஒரு சரக்குக்கு ஒரு புரோக்கர். மார்க்கெட் சூடாகிறது என்று யாராவது சொன்னால், பதறுவதற்கு முன்னால் தீக்குச்சி நம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் சுடலைமணி கூப்பிட்டான். "அண்ணாச்சி, ஒரு பார்ட்டி பால்பவுடர் தேடுறான். ரேட் ஏறும்போலத் தெரியுது."

"டின் நசுங்கக் கூடாதுன்னானா?"

"பால்பவுடர் மூட்டையிலல்ல வரும்?"

"அப்ப அது நானில்ல. இப்ப ரேட்டச் சொல்லு."