அப்பாவுக்காக எடுக்காத ஞானஸ்நானம்

கீழ்பென்னாத்தூர் சாலையில் பம்புசெட்டுத் தண்ணீர் தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தினேன்.

இப்படியொரு தொட்டியில்தான் எங்கள் சபையார் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். எந்தத் தலைமைக்கும் கட்டுப்படாத தகரக் கொட்டகைச் சபை அது. வேதம் மட்டுமே சட்டம். குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை. தானாக விசுவாசித்தவர்களையே முழுக்குவார்கள்.

அப்பா சாகக் கிடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என் ஞானஸ்நானத்தைப் பார்த்துவிட ஆசைப்பட்டார். நாற்காலியோடு அவரைத் தூக்கிவந்து தொட்டியருகே வைத்தார்கள்.

தண்ணீரில் நின்ற பாஸ்டர் என்னைக் கேட்டார்: "நீயா விசுவாசிச்சு வந்தியாம்மா?"

"இல்லங்க ஐயா. அப்பாவுக்காக வந்தேன்."

அவர் முழுக்காமல் என்னை மேலே ஏற்றிவிட்டார். அப்பா என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொல்லாம வந்துட்டியே, அது போதும்மா."

அந்த வாரமே அவர் போய்விட்டார். பல வருஷம் கழித்து, நானாகவே கேட்டு இறங்கினேன். அதே கேள்விக்கு "ஆமாங்க" என்றபோது யார் முகத்தையும் நான் தேடவில்லை.