கல்லை எடுத்த சகலை

சுங்கத்துக்குப் பயந்து சுற்று வழி போனவனுக்குச் சாவடி வாசலிலேயே விடிந்தது என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் சொல்லிக் கேட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். லோடு ஏற்றக் காத்துக்கிடந்த இடங்களில் காதால் படித்ததுதான் மிச்சமெல்லாம். இந்தச் சொலவடையைப் பல வருஷம் சும்மா வைத்திருந்தேன். அதற்கு ஒரு ஆள் கிடைப்பார் என்றும், அந்த ஆள் என் சகலையாகவே இருப்பார் என்றும் அப்போது தெரியாது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். லண்டனில் இருக்கிறார். ஒரு கோடையில் எங்கள் இருவரையும் வரவழைத்து, தன் காரிலேயே பிரான்சுக்கு, லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் லண்டன் காரில் ஸ்டியரிங் நம் ஊர் மாதிரி வலது பக்கம். பிரான்சின் டோல் மெஷின்களோ இடது பக்கம் நிற்கின்றன. அதனால் இடது சீட்டில் இருப்பவர்தான் கையை நீட்டவேண்டும். நுழையும்போது சீட்டு எடுக்கவேண்டும், வெளியேறும்போது அந்தச் சீட்டையும் அட்டையையும் மெஷினில் செருகவேண்டும். இடது சீட்டில் இருந்தது நான்.

முதல் சாவடியில் சீட்டை எடுத்தேன். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். வெளியேறும் இடத்தில் எந்தப் பக்கத்தில் வைத்தேன் என்று புரட்டுகிறேன், பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான். மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் என்னவோ கேட்டது. பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது: "இருங்கம்மா, எடுத்துத் தர்றேன்."

சகலை ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மெஷின்கிட்ட பேசுறாருய்யா! தஞ்சாவூர் டிரைவர் லட்சணம் இவ்ளோதான்! சகலை, இனிமே நீங்க வாயத் திறக்காம உக்காருங்க, அதுவே போதும்."

கொழுந்தியாளும் சிரித்தாள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நான் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். சின்ன லோடு வண்டி, குட்டியானை என்பார்களே, அதில் நெல் ஏற்றித்தான் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினேன். ஓட்டுகிறவனிடம் அவன் ஓட்டுவதைப் பழிப்பது, சமைக்கிறவள் கை உப்பைப் பழிப்பது மாதிரி. லூர்து குகை முன்னால் எல்லோரும் நோய் தீர வேண்டினார்கள். நான் வேண்டியது இது: மாதாவே, ஒரே ஒரு நாள் இந்த மனுஷனை என் ஊர் ரோட்டில் கொண்டுவந்து விடு.

அத்தோடு சகலை விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஊருக்கு வருகிற விசேஷத்திலெல்லாம், ஞானஸ்நானமோ புதுமனையோ, பந்தியில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் நீளும். கடைசியில் நான் மெஷினைக் கையெடுத்துக் கும்பிட்டதாகவே ஆகிவிட்டது. மாமியார் வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்தால் "இருங்கம்மா" என்றன. என் மனைவி பந்தியில் முன்வரிசையில் உட்காருவதை நிறுத்திக்கொண்டாள். எனக்கு வலித்தது அதுதான்.

மாதா கேட்டுவிட்டாள். மச்சான் மகள் கல்யாணம் தஞ்சாவூரில். குறுவை அறுப்பு முடிகிற நேரம். சகலை கொழுந்தியாளோடு திருச்சியில் வந்து இறங்கி வாடகைக் கார் எடுத்தார். அழைத்துவரப் போன எங்களிடம், "நானே ஓட்டுறேன், நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க" என்றார். மறுபடியும் இடது சீட்டு.

"எதுக்கு டோலுக்குத் தண்டம் அழுவணும்? போன்லயே வேற ரூட்டு காட்டுது" என்று கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியில் திருப்பினார். அந்த மாசத்தில் அந்த ரோடு ரோடல்ல, களம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு.

திருக்காட்டுப்பள்ளிக்கு முன்னாலேயே பாதி ரோட்டை அடைத்து நெல் காய்ந்தது. சக்கரம் ஏறக் கூடாது என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த பாதியில் எதிரே ஒரு டிராக்டர் நின்றது. ஐந்து நிமிஷம் பொறுத்தால் போய்விடும். சகலை பொறுக்கவில்லை. இறங்கினார். குனிந்தார். கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.

எங்கள் ஜில்லாவில் கள் குடித்தவன்கூட அந்தக் கல்லைத் தொடமாட்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுத்திருக்கலாம். தடுக்க மனசில்லை.

கார் நெல்மேல் ஏறி நாலு முழம் போயிருக்காது, புளியமரத்தடியிலிருந்து மூன்று பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த அம்மாள் கையில் நெல் தள்ளுகிற பலகை.

"யோவ், கல்ல எடுத்தது யாரு? கண்ணு முதுகுலயா இருக்கு?"

"இது பப்ளிக் ரோடும்மா."

"பப்ளிக் சோறு திங்கறப்ப எங்க போச்சு இந்தச் சட்டம்? ஈரம், ஈரம்னு கொள்முதல்ல திருப்பி அனுப்பிட்டான்னு வெயில்ல வெந்துகிட்டுக் கெடக்கோம். நீ பாட்டுக்கு நசுக்கிட்டுப் போற!" காரை நெல்லைவிட்டுப் பின்னால் எடுக்கவைத்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவிக்கொண்டாள். "எறங்கு. நீ நசுக்குனத நீயே பரப்பு."

சகலை என்னைப் பார்த்தார். "சகலை, நீங்க சொல்லுங்களேன்!"

நான் உதட்டின் மேல் விரலை வைத்துக்காட்டினேன்.

"இவரு யாரு, ஊமையா?" என்றாள் அந்த அம்மாள்.

பின் சீட்டிலிருந்து என் மனைவி நிதானமாகச் சொன்னாள்: "பேசக் கூடாதுன்னு உத்தரவும்மா."

"யாரு போட்ட உத்தரவு?"

"ஓட்டுறவரு."

"அப்ப ஓட்டுறவரே தள்ளட்டும்!" மூன்று பேரும் சிரித்தார்கள். கொழுந்தியாள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைப் பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு லண்டன் சகலை பலகையைத் தள்ளினார். "குப்பையா தள்ளுற? கரை கட்டித் தள்ளு!" என்று அதட்டல் வேறு. நான் ஏசி நின்றுபோன காரில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு குளிர்ச்சியாக எந்தக் காரிலும் நான் உட்கார்ந்ததில்லை.

முடித்துவிட்டுச் சாவி கேட்டார். "பரப்புன நெல்லு மேல மறுபடி ஏத்தவா? வந்த வழியே போ" என்று சொல்லித்தான் கொடுத்தாள். வந்த வழியே திரும்பினோம். கடைசியில் எங்கே போய் நின்றோம்? அவர் தப்பிக்கப் பார்த்த அதே டோலில்தான். வாடகைக் காரின் ஃபாஸ்டேகில் பணமில்லை. ரொக்கமென்றால் இரண்டு மடங்கு என்றார்கள். அவர் பையில் லண்டன் நோட்டுகளுக்கு நடுவே நம் ரூபாயைத் துழாவினார், பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தான். திருச்சியிலிருந்து அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தேன்.

"இருங்கம்மா, எடுத்துத் தருவாரு" என்றேன், சாவடிப் பெண்ணிடம்.

மறுநாள் பந்தியில் சகலை தொண்டையைச் செருமினார். "பிரான்சுல ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார். என் மனைவி முன்வரிசையில், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, அது கெடக்கட்டும். கையில என்ன கொப்புளம்?"

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். மச்சான் "என்னம்மா சங்கதி?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு முழமும் கூட்டவில்லை. கூட்டத் தேவை இருக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது அளவுக்கு மீறிப் பேசினால், "கல்ல எடுத்துராதீங்க" என்கிறார்கள். புதிதாக வந்த மாப்பிள்ளைகூடச் சொல்கிறார். போன மாதம் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்கவேண்டும் என்றார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அந்தக் கதையை நான் இன்னும் அத்தனை தடவை சொல்லி முடிக்கவில்லை.