செல்லத்தின் பதினாறடி வேலி

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கம்பியும் முள்ளும் இல்லாமல் வேலி போட்ட முதல் ஆள் ராஜமாணிக்கம். அது வேலியே இல்லை, வெட்டித் தள்ள வேண்டிய காடு என்று சொன்ன முதல் ஆளும் அவர்தான். நடுவில் நின்று, வேலிதான் என்று ஒன்பது வருஷம் சாதித்தவள் அவர் மனைவி செல்லம்.

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து 1956-இல் கப்பலேறி வந்தார்கள். குடியேறிய வங்காளிகளுக்கு நடுவே இவர்கள் ஒரே தமிழ்க் குடும்பம். சர்க்கார் கொடுத்த ஐந்து ஏக்கரும் ஓடையோரச் சமவெளி. ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். வருஷத்தில் எட்டு மாதம் மழை அடித்தாலும், ஜனவரி பிறந்துவிட்டால் ஏப்ரல் வரை அந்த மண் காய்ந்து மாவாகப் பறக்கும். அதனால் அங்கே மரங்கள் உயரம் போகவில்லை. மலைமேல் படாக் மரங்கள் அண்ணாந்து பார்க்க வைக்கும். கீழே பூவரசும் புங்கும் நாவலும் இரண்டு ஆள் உயரத்தில், தோளில் கை போட்டுக்கொண்டதுபோல் நெருக்கியடித்து நிற்கும். மரம் அளக்க வரும் வனத்துறை ஆட்கள் அந்தக் குட்டைக் காட்டைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

சமவெளி முழுக்க அந்தக் காட்டை இரண்டே கோடையில் வெட்டி எரித்தார்கள். செல்லமும் வெட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, ராஜமாணிக்கத்தைவிட வேகமாகவே வெட்டினாள்.

காடு போனதும் மான் வந்தது. நட்ட நாற்றை விடிவதற்குள் மேய்ந்துவிட்டு ஓடைக்கு அக்கரை போய்விடும். முள்கம்பி கேட்டு ராஜமாணிக்கம் மூன்று முறை மனு எழுதிப்போட்டார். போர்ட் பிளேரிலிருந்து ஒவ்வொரு வாரமும் படகு வந்தது, கம்பி வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் ராஜமாணிக்கம் தலைகால் புரியாமல் ஓடிவந்தார். ஓடையின் அக்கரையில் ஓர் இலைகூட இல்லாமல் பட்டுப்போன மரங்கள் வரிசையாக நிற்கின்றனவாம். "அடியே, காஞ்ச மரம்! கத்தி வச்சா வாழைத்தண்டு மாதிரி இறங்குது!" பட்ட மரம் எப்படி வாழைத்தண்டு மாதிரி வெட்டுப்படும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கோடையில் இலை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும் ஒதிய மரங்கள் அவை. இரண்டாயிரம் கம்புகள் வெட்டி, வயலைச் சுற்றி நெருக்கமாக ஊன்றினார்கள். மான் வரும் ஓடைப் பக்கம் மட்டும் இரட்டை வரிசை.

மே கடைசியில் மழை பிடித்தது. பத்தாம் நாள் காலையில் பக்கத்து வயல்காரர் மண்டல் தாதா வந்து நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பௌதி! தேக்கோ, தும்ஹாரா வேலி ஜிந்தா ஹோ கயா!"

அண்ணி என்று கூப்பிட்ட குரலுக்குச் செல்லம் வெளியே வந்து பார்த்தாள். இரண்டாயிரம் கம்பும் நுனியில் செந்தளிர் விட்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. ஒங்க காஞ்ச மரத்துக்கு உசுரு வந்துருச்சு" என்றாள்.

ராஜமாணிக்கம் ஒரு தளிரைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். "ஒதியமரம்! ஊர்ல பாத்த மரத்தையே தெரியாமப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பறவைகள் வேலை. ஒதிய மரத்தில் உட்கார்ந்த புறாவும் மைனாவும் எங்கிருந்தோ தின்ற விதைகளை வேலியடியில் போட்டன. அடுத்த வருஷம் நாவல் முளைத்தது. அதற்கடுத்து இலந்தை, பிறகு செல்லத்துக்குப் பெயர் தெரியாத நாலைந்து செடிகள், அவற்றைக் கட்டிப்போட ஒரு பிரம்புக்கொடி. ஓடை தன் பங்குக்குப் புங்கங்காயும் பூவரசங்காயும் கொண்டுவந்து ஒதுக்கியது. தான் வெட்டி எரித்த மரங்களெல்லாம் முகவரி விசாரித்துத் திரும்பி வருகின்றன என்று செல்லத்துக்குத் தோன்றியது. இந்த முறை அவள் அரிவாளை எடுக்கவில்லை. உப்புக் கேட்கக்கூட அடுத்த வீட்டு வாசலில் தயங்கி நிற்பவள், ஆள் இல்லாத நேரத்தில் அந்தச் செடிகளிடம் வாய் ஓயாமல் பேசினாள்.

ராஜமாணிக்கம் மட்டும் கோடைதோறும் அரிவாளைத் தீட்டுவார். "ஓடைப் பக்கம் அஞ்சடி போச்சு. வயல மரம் திங்குது."

"இந்த மழை போகட்டுங்க."

மழை போகும். ஓடை கரைபுரண்ட வருஷங்களில் மண்டல் தாதாவின் ஓரத்து வயல் கரைந்து போனது. இவர்களுடையதில் ஒரு பிடி மண் நகரவில்லை. ராஜமாணிக்கம் அதைப் பார்ப்பார், அரிவாளைக் கூரை இறவாணத்தில் செருகிவிடுவார். அடுத்த கோடையில் மறுபடி தீட்டுவார்.

1968 மார்ச்சில் மண்டல் தாதாதான் சேதி கொண்டுவந்தார். நிலப் பரிசோதகர் பக்தவத்சலம் அளக்க வருகிறார். திருத்திப் பயிர் வைத்த நிலத்துக்குப் பட்டா. காடாகக் கிடக்கும் பகுதியைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ராஜமாணிக்கம் அரிவாளோடு எழுந்தார். ஓடைப் பக்கம் வேலி இப்போது பதினாறடி அகலம்.

"நாளான்னைக்கு வாராரு. ரெண்டு நாள்ல வெட்டி முடியுமா?" என்றாள் செல்லம். "வெட்டிப் போட்ட குப்பையே காட்டிக் குடுத்துரும். அவரு வரட்டும், நான் பேசிக்கிறேன்."

"நீயா? நாலு பேரைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிற ஆளு!"

"ஒட்டுனா நீங்க பேசுங்க."

பக்தவத்சலம் செங்கல்பட்டுக்காரர். வெள்ளை ஷூ, கையில் குடை, பின்னால் அளவுச் சங்கிலி தூக்க ஓர் ஆள். மூன்று பக்கமும் அளந்து முடித்து ஓடைப் பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது, காட்டை வெட்டாம வெச்சிருக்கே?"

ராஜமாணிக்கம் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தார். செல்லம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காடு இல்லைங்க சார், வேலி."

"வேலியா? பதினாறடிக்கா?"

"மான் தாண்டுமே சார். ஒத்தை வரிசையா இருந்தா ஒரே தாவுல வந்துரும்."

"கம்பி போடறதுதானே?"

"மூணு மனு குடுத்தோம் சார். கம்பி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. வேலி தானா வந்துருச்சு."

சங்கிலிக்காரன் திரும்பி நின்று இருமினான். பக்தவத்சலத்தின் முகம் சிவந்தது. "நான் உள்ளே போய்ப் பார்க்கறேன். வேலியா காடான்னு எனக்குத் தெரியும்" என்று குடையை முன்னால் நீட்டியபடி நுழைந்தார்.

நாலடிதான் போக முடிந்தது. பிரம்புக்கொடி குடையைப் பிடித்துக்கொண்டது. குடையை இழுத்தபோது சட்டையைப் பிடித்தது. ஷூ ஒன்று வேரில் மாட்டி நின்றது. பழம் தின்று கொண்டிருந்த புறாக்கள் படபடவென்று எழுந்து அவர் தலைமேல் கோதுகளைக் கொட்டின. ராஜமாணிக்கம் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். பட்டா போயிற்று என்றே நினைத்தார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. முதலில் புரியவில்லை. பரிசோதகர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என்னாலேயே நுழைய முடியலியே, மான் எப்படி நுழையும்? முதல்ல என்னை வெளியே எடுங்க!"

ராஜமாணிக்கம்தான் ஓடினார், ஒன்பது வருஷமாய்த் தீட்டி வைத்த அரிவாளோடு. அது அந்த வேலியில் வெட்டியது ஒரே ஒரு பிரம்புக்கொடி.

செல்லம் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தபடி, பக்தவத்சலம் வெளிப்பக்கம் மண்ணில் கிடந்த குளம்புத் தடங்களைப் பார்த்தார். உள்பக்கம் ஒன்றுகூட இல்லை. பதிவேட்டைத் தொடைமேல் வைத்து, ஐந்து ஏக்கரும் திருத்தப்பட்டது என்று எழுதினார். பக்கத்தில், "ஓடைப்புறம் உயிர்வேலி, நல்ல நிலையில்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலிக்கு இத்தனை அடிதான் இருக்கணும்னு ரூல்ல எங்கயும் போடலை" என்றார், யாரையும் பார்க்காமல்.

அன்று சாயங்காலமே மண்டல் தாதா வந்தார். "பௌதி, கொஞ்சம் கம்பு மிலேகா?" என்று வெட்டி ஊன்ற ஒதியங்கம்பு கேட்டார். எத்தனை அடி வேலி வேண்டும் என்று செல்லம் கேட்டாள்.

"பீஸ் ஃபுட்!" என்றார் அவர். இருபதடி.

ராஜமாணிக்கம் அரிவாளை எடுத்துக்கொண்டு, தாதாவுக்கு எந்தக் கம்பு சீக்கிரம் தளிர்க்கும் என்று காட்டப் போனார். ஒதியைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு போனது செல்லத்துக்கு வெகுநேரம் கேட்டது.