பட்டனில் விடுபட்ட நடுப்பூச்சு

குழந்தைச் சட்டையின் தோளில் அந்த பிரஸ் பட்டன் கறுத்துக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் தங்கமாய் மின்னிய பட்டன். இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. வீரபாண்டியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் தரக்கட்டுப்பாடு பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டன் பித்தளை, மேலே மெல்லிய தங்கப் பூச்சு, நடுவில் வழக்கமாக நிக்கல். குழந்தைத் தோலுக்கு நிக்கல் ஆகாது என்று சட்டைகளை வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டார். முலாம் பட்டறைக்காரர், "அதுக்குப் பதிலா வேற பூச்சு போட்டுத் தாறனுங்க, நாலு நாள் பொறுங்க" என்றார். எனக்கு ஷிப்மென்ட் அவசரம். "வேண்டாங்க, நேரா தங்கத்தையே பூசிருங்க" என்றேன்.

மேனேஜர் காரணம் கேட்டபோது என் கண் செக்கிங் மேசைக்குப் போனது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அக்கா ஒருவர் அங்கே வேலை செய்தார். எந்நேரமும் கை வேர்க்கும். முந்தானையில் துடைத்துத் துடைத்துத்தான் துணியைத் தொடுவார். "அந்தக்கா கை வேர்வைங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

அக்கா அழவில்லை. "நான் தொடாத பெட்டியும் ஸ்டோர்ல இருக்கு சார், தெறந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். போய்ப் பிரித்தேன். சீல் உடையாத பெட்டியிலும் பட்டன்கள் கறுத்திருந்தன. பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். "ரெண்டு உலோகம் ஒட்டிக் கெடந்தா சும்மா இருக்காதுங்க. தங்கம் முடியில நூத்துல ஒரு பங்கு கனங்கூட இல்லீங்க. அடியில இருக்கற செம்பும் துத்தநாகமும் அணு அணுவா அதுக்குள்ள ஏறி மேல வந்துரும். சூடு பட்டா இன்னும் வெரசா வரும். நடுப்பூச்சுதானுங்க அதைத் தடுக்கறது" என்றார்.

பெட்டியைப் பழையபடி ஒட்டி உள்ளே தள்ளினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே அக்காவை நிறுத்திவிட்டார்கள். கறுப்பேத்துற கை என்ற பேச்சு அவருக்கு முன்னால் மற்ற கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று நடுப்பூச்சு இல்லாத ஒரு பட்டன்கூட என் கையெழுத்தில் போவதில்லை. அதனால் என்ன பிரயோசனம்? அது நடந்து ஐந்தாறு வருடம் கழித்து அதே ஊரில், ராயபுரம் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். அவர்தான் முதலில் சிரித்தார். ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறாராம்.

"பண்டிகைக்கு சர்ச்ல பித்தளை மெழுகுவத்தி ஸ்டாண்டத் தொடைக்கச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன் சார். என் கை பட்டா கறுத்துரும்ல. அன்னைக்கு நீங்க பெட்டியத் தெறந்து பாத்ததா ஸ்டோர்ல சொன்னாங்க. அதுலயும் கறுத்திருந்தா நீங்க சொல்லாம இருப்பீங்களா? அப்பத்தான் என் கைதான்னு எனக்கே தெரிஞ்சுது."

நான் தலையாட்டினேன்.