பச்சைத் திரையும் மொட்டை மூக்குத் தோட்டாவும்

போன மாதம் அபுதாபியில் வேட்டைச் சாமான் கண்காட்சிக்குப் போயிருந்தேன். நானாகப் போகவில்லை, முருகேசன் இழுத்துக்கொண்டு போனார். சோஹாரில் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். அவருடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, ஆப்பிரிக்காவுக்கு எருமை வேட்டைக்குப் போகிறாராம். கனத்த தோட்டா போடுகிற லீவர் துப்பாக்கியாக ஒன்று பார்த்துச் சொல்லச் சொன்னாராம். இவருக்குத் துப்பாக்கியில் எந்தப் பக்கம் வாய் என்பதே தெரியாது. "அண்ணன் அந்தக் காலத்துல துப்பாக்கிக் கடைல கவுண்டர்ல நின்ன ஆளு" என்று சொல்லி என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் பழுத்த வாழைப்பழ வாசனை. முருகேசன் மூக்கை உறிஞ்சினார். "ஏண்ணே, இங்க பழக்கடை வேற போட்ருக்காய்ங்களா?"

பழமில்லை. துப்பாக்கிக் குழலை உள்ளே துடைக்கிற ஒருவகை எண்ணெய்க்கு அந்த வாசனை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் வாழைப்பழம் தொடுவதில்லை. சர்க்கரை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். சர்க்கரையும் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் காரணம் அது இல்லை.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நானே சொல்லிவிடுவேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. பரமக்குடிப் பக்கம் பிறந்து, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கலாஸ் சொன்னவன். இன்று அஜ்மானில் இரண்டு கடை, சோஹாரில் ஒன்று. சைட் வேலைக்கான பூட்ஸ், ஹெல்மெட், கையுறை. என்னிடம் வேலை பார்க்கிற பையன்களில் எம்.பி.ஏ. படித்தவன் இருக்கிறான். கையெழுத்துக்காக அவன் நிற்க, நான் டீ குடித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பேன். எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் நான் மேலே வந்த கதையைச் சொல்லாமல் எழுந்ததில்லை. அந்தக் கதையில் ஒரு படியை மட்டும் தாண்டிக் குதித்துவிடுவேன். இதுவரை யாரும் கவனித்ததில்லை.

ஷார்ஜாவில் வேட்டைச் சாமான் கடை ஒன்றில் பெட்டி தூக்குகிறவனாகத்தான் சேர்ந்தேன். ஒருநாள் கவுண்டர் ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். மேனேஜர் வர்கீஸ் சார் வந்து, "துப்பாக்கி அறியுன்ன ஆள் ஆரெங்கிலும் உண்டோ?" என்றார். நான் கையைத் தூக்கினேன். ஊரில் எங்கள் பெரியப்பா ஜமீன் ஆள் என்றும், அவரோடு காட்டுப்பன்றி சுட்டிருக்கிறேன் என்றும் ஒரு போடு போட்டேன். உண்மை என்னவென்றால், என் அப்பா அடுத்தவர் கடலைக் காட்டுக்குக் காவல் இருந்தவர். பன்றி வந்தால் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி விரட்டுவார். எங்கள் குடும்பத்தின் வேட்டை ஆயுதம் அந்த டின்தான்.

ஆனால் எனக்கு வாய் இருந்தது. இரண்டே மாதத்தில் அரபி, இந்தி, மலையாளம் மூன்றையும் கலந்து விற்கப் பழகிவிட்டேன். லீவர் துப்பாக்கி என்றால் எனக்குக் கொண்டாட்டம். விசையைச் சுற்றி வளையம் போல ஒரு பிடி இருக்கும். கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். 'கடக் கடக்' என்று அந்தச் சத்தத்தை வாடிக்கையாளர் முன்னால் இரண்டு தரம் போட்டுக் காட்டினால் பாதி வியாபாரம் முடிந்தது. எந்தத் தோட்டாவுக்கு எந்தத் துப்பாக்கி உதைக்கும், எந்த மிருகத்துக்கு எவ்வளவு கனம் வேண்டும் என்பதெல்லாம் ஸ்டோரில் இருந்த ஏகாம்பரத்தண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கவுண்டரில் வந்து என் பெரியப்பா சொன்னதாக அவிழ்த்துவிடுவேன்.

ஏகாம்பரம் அண்ணன் வேலூர்க்காரர். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற பிரிவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பேசவே மாட்டார். கவுண்டருக்கு அவரைக் கூப்பிட்டபோது, "எனுக்கு வியாபாரம் வராது சார்" என்று ஒதுங்கிவிட்டார். அவர் கை எப்போதும் அந்த வாழைப்பழ எண்ணெய் மணக்கும். அதே கையால், நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த அஜ்மான் ரூமில் எனக்கு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. கௌரி அண்ணியை இங்கே அழைத்து வந்து ஒரு வீட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷம். பட்டாளத்தில் பாதி, வளைகுடாவில் பாதி. லீவு நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம்கூட வராது என்பார். கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி விசாவுக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். அஜ்மானில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை பிடித்தார். ஜன்னலுக்குப் பச்சைத் துணியில் திரை வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான்கு கடை ஏறி இறங்கினோம். "அதுக்குப் பச்சைன்னா உசுரு நைனா" என்றார். அந்த மனிதர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரி, தாண்டிக் குதிக்கிற படிக்கு வருகிறேன்.

அபு ராஷித் என்று ஒரு பெரியவர், லைசென்ஸ் உள்ளவர், எருமை வேட்டைக்குப் போகிறேன் என்று வந்தார். அவருக்கு மூன்று லீவர் துப்பாக்கிகளை எடுத்துப் போட்டு, இருப்பதிலேயே வாய் அகலமானதை அவர் தலையில் கட்டினேன். சரியான சாமான்தான், அதில் தப்பில்லை. தோட்டா எது என்று கேட்டார். இரண்டு வகை இருந்தது. ஒன்று முனை மழுங்கிய மொட்டை மூக்கு. இன்னொன்று ஊசி மாதிரி கூர் மூக்கு. எனக்கு என்ன தெரியும்? கடப்பாரைக்குக் கூர் வேண்டும், ஈட்டிக்குக் கூர் வேண்டும், தோட்டாவுக்கு மட்டும் வேண்டாமா? "கூர் மூக்கு, அர்பாப். எருமைத் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். நான் ஊரில் இதால்தான் அடித்திருக்கிறேன்" என்றேன்.

ஸ்டோர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏகாம்பரம் அண்ணன் வெளியே வந்துவிட்டார். "வாணாம் நைனா. இந்தத் துப்பாக்கிக்கு அது ஆவாது."

வாடிக்கையாளர் முன்னால், அதுவும் பெட்டி தூக்குகிற சட்டையில் வந்து! எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவரை இந்தியில் ஒருமையில் விரட்டினேன். "தும் ஜாவோ! அந்தர் ஜாக்கே மால் லகாவோ!" நீ போ, உள்ளே போய்ச் சரக்கை அடுக்கு என்று. பெரியவர் சிரித்தார். அண்ணன் உள்ளே போய்விட்டார். தொழுகைக்குப் போய்விட்டு வந்து தோட்டா வாங்கிக்கொள்கிறேன் என்று பெரியவரும் கிளம்பினார்.

பிறகு ஸ்டோருக்குள் போனேன். அண்ணன் முகத்தில் கோபமே இல்லை. "இத்தப் பாரு," என்று குழலுக்குக் கீழே இருந்த நீளக் குழாயைத் தொட்டுக் காட்டினார். "தோட்டாங்க இதுக்குள்ள ஒண்ணு பின்னால ஒண்ணு வரிசையா நிக்கும். தோட்டா பின்பக்கம் நடுவுல பொட்டு மாதிரி கீதே, அதுல அடி பட்டாத்தான் வெடிக்கும். கூர் மூக்கு போட்டா, பின்னால கீறதோட மூக்கு முன்னால கீறதோட பொட்டுல குத்திக்கினு நிக்கும். சுட்டா உதைக்கும் இல்ல? லேபர் பஸ் திடீர்னு பிரேக் போட்டா பின்னால நிக்கறவன் முன்னால நிக்கறவன் மேல வுழுவான் பாரு, அப்பிடி. அவன் கையில ஊசி இருந்தா இன்னா ஆவும்?"

"அப்ப இதை எதுக்குச் செய்யிறான்?"

"அது ஒத்தைத் தோட்டா போடற துப்பாக்கிக்கு. பெட்டியிலயே எய்திக்கீறான் பாரு."

பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. படித்ததுபோலத் தலையை ஆட்டினேன்.

அன்று அவர் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கியிருந்தார். அண்ணியின் விசாத் தாள்களோடு டைப்பிங் சென்டருக்குப் போக வேண்டும். ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டி வெளியே வர வேண்டுமென்றால் சீட்டில் அவர் கையெழுத்து வேண்டும். அதனால் இரண்டு வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, சாவியையும் என் கையில் வைத்தார். "பெரியவர் வந்தார்னா மொட்டை மூக்கு குட்த்துடு நைனா."

பெரியவர் வந்தார். "எங்கே உன் கூர் மூக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். 'நான் சொன்னது தப்பு, என் ஸ்டோர்க்காரர் சொன்னதுதான் சரி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? போய்க் கூர் மூக்குப் பெட்டியை எடுத்து வந்தேன். சீட்டில் அதன் நம்பரை என் கையால் எழுதினேன். கீழே அவர் கையெழுத்து தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர்கள் தோட்டத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுட்டது பெரியவரின் பலூச்சி டிரைவர். இரண்டாவது குண்டிலேயே குழாய்க்குள் தோட்டா வெடித்து, அடியில் தாங்கிப் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

சனிக்கிழமை வர்கீஸ் சார் அறையில் எங்கள் கடை முதலாளி அர்பாப் உட்கார்ந்திருக்க, மேசை மேல் அந்தச் சீட்டு கிடந்தது. "இது யாருடைய கையெழுத்து?"

"என்துதான் சார்" என்றார் அண்ணன்.

"இந்தப் பெட்டியை நீதான் கொடுத்தாயா?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மிரட்டுகிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. நீயே சொல்லிவிடு என்று இடம் கொடுத்த பார்வை என்று இப்போது புரிகிறது. சுவரில் பாடம் செய்த மான் தலை ஒன்று மாட்டியிருந்தது. நான் அதன் கண்ணாடிக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். வர்கீஸ் சார் என்னிடம் கேட்டார். "ஸ்டோர்ல என்ன எடுத்துக் குடுத்தாங்களோ அதைத்தான் சார் நான் குடுத்தேன்" என்றேன். என் வாயால் சொன்னேன். விற்கப் பழகிய அதே வாயால்.

கலாஸ். சீட்டில் இருந்த கையெழுத்துதான் கணக்கு. ஒரு வாரத்தில் அண்ணன் விசா கேன்சல். அவருடைய விசா போனால் அண்ணியின் விசா எங்கே?

பெட்டி கட்டிய அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த டிரைவரு கை எப்பிடி கீது? போய்ப் பாத்தியா?" நான் போய்ப் பார்க்கவில்லை. போனேன் என்றேன், நன்றாக இருக்கிறான் என்றேன். "எதுக்கும் இன்னொருக்கா போய்ப் பாரு" என்றார். பிறகு ஜன்னலைக் காட்டி, "ரூமு சும்மாத்தானே கீது, நீ எட்த்துக்க. திரைய நான் கழட்டல" என்றார். கடைசி வரை அண்ணே என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

எடுத்துக்கொண்டேன். ஆமாம், அந்த அறையை எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் என் வீட்டுக்காரி வந்து இறங்கினாள். உள்ளே நுழைந்து பையைக் கீழே வைக்கும் முன்பே ஜன்னலைப் பார்த்துவிட்டாள். "ஆத்தாடி, உங்களுக்கு இப்படியெல்லாம் பாத்து வாங்கத் தெரியுமா?" என்றாள்.

"நாலு கடை ஏறி இறங்குனேன்" என்றேன்.

கண்காட்சியில் முருகேசன் என் முழங்கையை இடித்தார். "என்னண்ணே, பேச்சையே காணோம்? துப்பாக்கி சரிதான்னு சொல்லிட்டீங்க, தோட்டா எது? இந்தக் கூரானது பாக்க நல்லாருக்கே?" நான் லேபர் பஸ் உதாரணத்தைச் சொன்னேன். பின்னால் நிற்பவன், கையில் ஊசி, பிரேக், ஒரு வரி விடாமல். முருகேசன் வாயைப் பிளந்தார். "அண்ணன்னா அண்ணன்தான்யா! பள்ளிக்கூடம் போயிருந்தா உங்களப் பிடிக்க முடியாதுண்ணே!" அங்கே ஏகாம்பரம் அண்ணன் பெயரைச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே அந்தப் பாராட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஷார்ஜாக் கடை இருந்த இடத்தில் இப்போது அத்தர் விற்கிறார்கள். அஜ்மான் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். வெறும் மணல், அதில் கார் நிறுத்துகிறார்கள். ஏகாம்பரம் அண்ணன் இருக்கிறாரா என்று தெரியாது. மூன்று கடை நடத்துகிறவனுக்கு வேலூரில் ஒரு ஆளை விசாரிப்பது பெரிய காரியமில்லை. விசாரிக்கவில்லை. பச்சைத் திரை வெளுத்து, இஸ்திரி மேசை விரிப்பாகி, பிறகு வண்டி துடைக்கிற துணியாகி, அதுவும் கிழிந்து போயிற்று. நான் வாங்கியது என்பதால் அதைத் தூக்கிப் போட என் வீட்டுக்காரிக்கு மனமே வரவில்லை. இன்றுவரை யார் வந்தாலும் அந்தத் திரையைப் பற்றிச் சொல்லுகிறாள். நான் எழுதுவதை எல்லாம் முதலில் படிப்பதும் அவள்தான். இதையும் படிப்பாள்.