மஞ்சக் கோட்டும் சுத்துற கேமராவும்

பேருக்குத்தான் நாங்க ராவுத்தர். குதிரைக்காரப் பரம்பரைன்னு கல்யாண வீட்டுல பெருமை பேசுவோமே தவிர, எனக்குத் தெரிஞ்சு எங்க வீட்டுல குதிரையைத் தொட்டவன் கிடையாது. நான் ஷார்ஜா ரோலாவுல சூட்கேஸ் விக்கிறவன். லிஃப்ட்டுல ஏறும்போதே பிஸ்மி சொல்றவன். எனக்குப் போய் குதிரைப் பைத்தியம் பிடிச்ச ஒரு மக.

ஹாலந்துல ஒரு பழைய துறைமுக ஊருக்குப் படிக்கப் போனா. படிக்கப் போனவ, லீவு நாள்ல அங்க ஒரு குதிரை லாயமே கதின்னு கிடக்க ஆரம்பிச்சுட்டா. அதுல செம்பட்டை நிறத்துல ஒரு பெண் குதிரை. அது மேல உசுரையே வச்சிருந்தா. "புல்லுப் போடு, தடவிக் குடு, வேணாங்கலை. மேல ஏறுன, தொலைச்சுப்புடுவேன்"னு சொல்லி வச்சிருந்தேன். "சத்தியமா ஏற மாட்டேன் அத்தா"ன்னா.

போன புதுசுல ஒரு லிங்க் அனுப்பியிருந்தா. அந்த ஊர்த் துறைமுகத்தை எந்நேரமும் லைவா காட்டுற கேமரா. அனுப்புனதை அவ மறந்துட்டா. நான் மறக்கலை. கல்லா பக்கத்துல போனைச் சாய்ச்சு வச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பேன். சத்தம் வராது. கேமரா ஒரே இடத்துலயும் நிக்காது. கடலைக் காட்டும், பாலத்தைக் காட்டும், மணிக்கூண்டைக் காட்டும், அப்புறம்தான் படகு கட்டுற கல்லுக்கரை. அந்தக் கரையில மஞ்சக் கோட்டு ஒண்ணு நடந்து போனா, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கும். கோட்டு நான் வாங்கிக் குடுத்ததுதான்.

ஒரு சனிக்கிழமை, மத்தியான லுஹர் தொழுதுட்டு வந்து பார்க்கிறேன். கல்லுக்கரை. மஞ்சக் கோட்டு குதிரை மேல உட்கார்ந்திருக்கு. "அடிப்பாவி!"ன்னு வாய்விட்டே கத்திட்டேன். கத்தி முடிக்கல, ஒரு கடற்பறவைக் கூட்டம் குறுக்கே பறந்துச்சு. குதிரை முன்னங்காலைத் தூக்கிடுச்சு. மஞ்சக் கோட்டு தண்ணி ஓரமா சரியுது. விழுந்தது கல்லுலயா கடல்லயான்னு தெரியறதுக்குள்ள கேமரா திரும்பிருச்சு.

கடலைக் காட்டுது. வெறும் கடல். யா அல்லாஹ், அந்தத் தண்ணியை நான் பார்த்த பார்வை! மஞ்சளா ஏதாச்சும் மிதக்குதான்னு தேடுறேன். மிதக்கக் கூடாதேன்னும் தேடுறேன். போன் போட்டா அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்லை. பட்டாணியன் ஒருத்தன் கடைக்கு வந்து "பாய், டிராலி பேக் கித்னா?"ன்னு விலை கேக்குறான். "மாஃபி! கலாஸ்! எல்லாம் தீர்ந்துபோச்சு, போ!"ன்னு விரட்டிட்டேன். பாலம் வந்துச்சு. மணிக்கூண்டு வந்துச்சு. கடைசியில கல்லுக்கரை வந்தா, அங்க குதிரையுமில்லை, மகளுமில்லை. துடைச்சு விட்ட மாதிரி இருக்கு.

மத்தியானம் சாஞ்சு அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் மெசேஜ் வந்துச்சு. "கிளாஸ்ல இருக்கேன் அத்தா. சாயங்காலம் கூப்பிடுறேன்." உசுரு திரும்பி வந்துச்சு. கூடவே கோவமும் வந்துச்சு. சனிக்கிழமை என்னடி கிளாஸு? பொய் சொல்ற அளவுக்கு என்னத்தை மறைக்கிறா?

மறைக்கிறதுல எங்களை மிஞ்ச ஆளே கிடையாது. வளைகுடாவுல இருக்கிறவன் செத்தாலும் "நல்லா இருக்கேன்"னுதான் சொல்லுவான். அவ ஊர்ல சின்னப் புள்ளையா இருந்தப்ப, குடோன்ல ஏணியில இருந்து விழுந்து எனக்கு இடது கை முறிஞ்சுச்சு. மாவுக்கட்டு தெரியாம இருக்கணும்னு கழுத்துக்கு மேலதான் வீடியோவுல காட்டுவேன். எங்க வழக்கம், பேசி முடிக்கும்போது நான் துஆ ஓதணும், வீடே கையேந்தி ஆமீன் சொல்லணும். நான் ஒரு கையை மட்டும் ஏந்துனேன். பொண்டாட்டிக்குத் தெரியலை. இந்தக் குட்டிதான், "அத்தா, இன்னொரு கை எங்கே?"ன்னு கேட்டுச்சு. "அது டூட்டிக்குப் போயிருக்கும்மா"ன்னு சமாளிச்சேன்.

சாயங்காலம் நான் வீட்டுல இருக்கும்போது கூப்பிட்டா. பொண்டாட்டி இப்ப ஷார்ஜாவுல என்கூடத்தான், அடுக்களையில வேலையா இருந்தா. கழுத்துக்கு மேல முகம். நல்ல வெளிச்சம். வாய் நிறையச் சிரிப்பு. நான் அன்னைக்குப் பண்ணின அதே வித்தை. சாப்பாடு, மழை, பரீட்சைன்னு மூச்சு விடாம பேசிட்டு, "சரி அத்தா, வச்சிடுறேன்"ன்னா.

"துஆ ஓதாமயா?"

சிரிப்பு நின்னு போச்சு. நான் ரெண்டு கையையும் ஏந்தி ஓத ஆரம்பிச்சேன். குரல் எனக்கே கேட்கலை. திரையில ஒரு உள்ளங்கை மெல்ல மேல வந்துச்சு. விரல் முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஒண்ணுதான் வந்துச்சு.

"இன்னொரு கை எங்கேம்மா?"

கீழுதடு துடிச்சுச்சு.

"டூட்டிக்குப் போயிருக்கு அத்தா."

அடுக்களையில இருந்து பொண்டாட்டி, "யாரு டூட்டிக்குப் போனது?"ன்னு கேட்டா. நான் சத்தமா ஆமீன் சொன்னேன்.