மழை யார் பங்கில்?

அரியலூர் ஒரு மாவட்டமா இல்லையா என்று இரண்டு வருடம் சண்டை போட்டிருக்கிறேன். யாரோடு போட்டேன் என்பதுதான் ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது.

அப்போது பெரம்பலூரில் ஒரு தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். மாடியில் இரண்டு அறை. அந்த மிஷின்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எனக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது. கோபம் பிறவியிலேயே பெரிது. காலம் மாறுகிறதே என்று இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட்டும் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் வரமாட்டார்கள். அப்படியொரு மதியத்தில்தான் அந்த இணையக் கலைக்களஞ்சியம் கண்ணில் பட்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று போட்டிருந்தது. பெரம்பலூர் மாவட்டம் என்று தேடினேன். தமிழ்நாட்டில் உள்ள ஒரு மாவட்டம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன்.

"சம்பளம் உண்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல."

"அப்ப பேராவது போடுவாங்களா?"

"கம்முனு இருங்க" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தொண்ணூற்றைந்தில் திருச்சியிலிருந்து நாங்கள் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அரியலூர் எங்களோடு வந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் அதுவும் தனியாகப் போனது. அடுத்த வருஷமே, தனிக்குடித்தனம் சரிப்படாமல் திரும்பி வந்த மாதிரி, மறுபடி எங்களோடு சேர்த்துவிட்டார்கள். சட்டப்படி அரியலூர் எங்களுடையது. அரியலூர்க்காரர்களிடம் மட்டும் அதைச் சொல்லக் கூடாது.

நான் சொல்லிவிட்டேன். எங்கள் மாவட்டப் பக்கத்திலேயே "அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர்" என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால், "அரியலூர், மாவட்டத் தலைநகராக இருந்த, மீண்டும் ஆகப்போகிற ஊர்" என்று மாறியிருந்தது. பெரம்பலூர் என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. ஏன் திருத்தினோம் என்று எழுத ஒரு சின்னப் பெட்டி உண்டு. பழையபடி மாற்றிவிட்டு, அதில் "கலைக்களஞ்சியத்தில் ஜோசியம் கூடாது" என்று எழுதினேன். "வரலாற்றை மறைப்பதும் கூடாது" என்று பதில் வந்தது. அது தினப்படி வேலையாயிற்று. நான் மதியம் மாற்றுவேன். சாயந்திரத்துக்குள் அது திரும்பி மாறியிருக்கும்.

கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கென்று தனிப் பக்கம் ஒன்று இருந்தது. அங்கே நாங்கள் திட்டிக்கொண்ட தமிழ் மாதிரி சுத்தமான தமிழை நான் வேறெங்கும் எழுதியதில்லை.

"ஐயா, தங்கள் திருத்தம் அறியாமையால் நேர்ந்ததே அன்றி ஆணவத்தால் அல்ல என்று நம்ப விரும்புகிறேன்" என்று நான் எழுதினேன்.

"ஐயா, தங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. தாங்கள் என்றேனும் பஸ் ஏறி இந்தப் பக்கம் வந்ததுண்டா?" என்று பதில் வந்தது.

என்னை ஐயா என்றதை நான் திருத்தவில்லை. ஆம்பளை என்று நினைத்தால் கொஞ்சம் பயப்படட்டுமே என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகி ஒருவர், பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் இருப்பவர், பக்கத்தைப் பூட்டிவிட்டார். யாரும் தொட முடியாது, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பும் போட்டார். எங்களுக்கு வந்ததே கோபம்! எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பூட்ட இவர் யார்? இரண்டு பேரும் சேர்ந்து நிர்வாகியைத் திட்டினோம். திட்டி முடித்த கையோடு ஒரு வரியில் உடன்பாடும் வந்துவிட்டது: "தனி மாவட்டமாகி, பின் பெரம்பலூரோடு இணைக்கப்பட்ட அரியலூர்." இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

பூட்டைத் திறந்துவிட்ட பிறகு அந்தப் பக்கம் வளர்ந்த வேகம் எனக்கே ஆச்சரியம். தா.பழூர்ப் பக்கத்து நெல்லையும், சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடைக்கும் கடல் சிப்பிகளையும் அரியலூர்க்காரர் எழுதினார். நான் பூலாம்பாடியையும் சின்ன வெங்காயத்தையும் பருத்தியையும் எழுதினேன். கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு திருமானூருக்கு பஸ் ஏறிப் போய்க் கொள்ளிடத்தைப் படம் எடுத்துப் போட்டேன். "இதில் வெயில் அதிகம்" என்றார். "கொள்ளிடத்தில் குடை பிடிக்கச் சொல்கிறீர்களா ஐயா?" என்றேன். அந்தக் கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் வாரம் ஒரு கட்டுரையை எடுத்துப் போடுவார்கள். இரண்டாயிரத்து ஏழில் எங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உலகத்தில் எங்கேயோ உட்கார்ந்து அதைத் திறக்கிற தமிழன் முதலில் பெரம்பலூரைத்தான் பார்ப்பான். பிள்ளைகளிடம் சொன்னேன், மாடிப்படிக்குக் கீழே டீக்கடையில் சொன்னேன், வீட்டுக்காரரிடம் ராத்திரியும் காலையும் சொன்னேன். "போடட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

போடுவதற்குள் நவம்பர் வந்தது. அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது. ஜோசியம் பலித்துவிட்டது!

முதலில் கட்டுரையை இரண்டாகப் பிரியுங்கள், முதல் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார் நிர்வாகி. எழுதிக்கொண்டிருந்தால் ஆகாது என்று அரியலூர்க்காரர் ஈமெயிலில் போன் நம்பர் அனுப்பினார்.

"வணக்கம் ஐயா" என்றேன்.

"ஐயா இல்லீங்க" என்றது ஒரு பொம்பளைக் குரல். "நீங்க... சாரோட வூட்டம்மாவா?"

"நான்தான் சாரு" என்றேன்.

இரண்டு பேருமே சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை. மருந்துக்கடையில் பில் போடுகிறவளாம். கூட்டம் இல்லாத நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரிலேயே என்னோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"அப்ப அக்கான்னு கூப்புடலாமா?"

"எனக்கு என்ன வயசுன்னு நெனச்ச?"

"அது தெரியாதுக்கா. பெரம்பலூருதான மூத்த மாவட்டம்?" என்றாள். "மூத்தவங்க பங்கு வைக்கணும், எளையவங்க மொதல்ல எடுக்கணும். அதான மொற? நீங்க வைங்க, நான் எடுத்துக்குறேன்."

எங்கள் பக்கத்தில் சொத்துப் பிரிக்கிற வழக்கம் அது. பங்கு வைக்கிறவர் கடைசியில் எடுப்பதால் ஏமாற்ற முடியாது. எங்கள் வீட்டில் அண்ணன்கள் அப்படிப் பிரித்தபோது நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் எப்படி என்று அவளைக் கேட்டேன்.

"எங்க வூட்லயும் அப்புடித்தாங்க்கா. அண்ணன் வச்சாரு, தம்பி எடுத்துக்கிட்டான். நான் வந்தவங்களுக்குப் பாய் விரிச்சேன்."

பிறந்த வீட்டில் ஒரு சென்ட் நிலம் வராத இரண்டு பேர் உட்கார்ந்து இரண்டு மாவட்டத்தைப் பிரித்தோம். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

ஊர்கள் அதனதன் பக்கம் போயின. கொள்ளிடம் போயிற்று, கங்கைகொண்ட சோழபுரம் போயிற்று, சிப்பிகள் போயின. ரயிலும் போயிற்று. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் ஸ்டேஷனைக் காட்டித்தான் அதுவரை மானத்தைக் காப்பாற்றியிருந்தேன். ரஞ்சன்குடிக் கோட்டையும் சாத்தனூர்க் கல்மரமும் எனக்கு மிஞ்சின. பொதுவில் இருந்ததை நியாயமாகப் பங்கு வைத்தேன். கோடை வெயிலைப் பற்றிய பகுதியை ஒரு பங்கிலும் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றிய பகுதியை இன்னொரு பங்கிலும் வைத்தேன். அவள் யோசிக்கவே இல்லை.

"மழைய நான் எடுத்துக்குறேங்க்கா."

பங்கு என்றால் பங்குதான். என் பக்கத்திலிருந்து மழையை வெட்டி அவள் பக்கத்தில் ஒட்டினேன்.

அடுத்த வாரம் முதல் பக்கத்தில் வந்தது அரியலூர் மாவட்டம். பெரம்பலூர் இப்போது மிகச் சிறிய கட்டுரையாகிவிட்டது, பொருத்தமில்லை என்று நிர்வாகி எழுதியிருந்தார். நான் எடுத்த கொள்ளிடம் அங்கே ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்? நன்றாகவே எரிந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த் தட்டச்சு செய்தார்கள். வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "எங்க உன் பெரம்பலூரு?" என்றார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அவள் போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

வாரம் முடிவதற்குள் மனசு கேட்காமல் திறந்தேன். என் பக்கத்தின் பேச்சுப் பகுதியில் நிர்வாகி ஒரு கேள்வி போட்டிருந்தார்: "பெரம்பலூரில் மழையே பெய்யாதா?"

திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. வெட்டியிருக்கவே வேண்டாம். படியெடுத்து இரண்டு பக்கமும் போட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரில்தான் பிழைப்பு. ஆனாலும் ஒருத்தர் எடுத்தால் இன்னொருத்தருக்கு இல்லாமல் போகாத சொத்தை நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை.

கோபத்தில் நான் தலைப்புக்குக் கீழே படித்திருக்கவில்லை. இப்போது முதல் பக்கத்துக்குப் போய்ப் படித்தேன். "பெரம்பலூரிலிருந்து பிரிந்த மாவட்டம் அரியலூர்" என்று தொடங்கியது. முதல் சொல்லே பெரம்பலூர். எங்கள் பெயரை அந்த வரியில் வைக்கமாட்டேன் என்று என்னோடு மல்லுக்கு நின்றவள், யாரும் கேட்காமல் அதைத் தலையில் வைத்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க" என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

என் பக்கத்தைத் திறந்தால் ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே இருந்தன. சற்று முன்னால்தான் யாரோ சேர்த்திருக்கிறார்கள். சின்னப் பெட்டியில் காரணமும் இருந்தது: "அக்கா வூட்டுக்கு மழை."

நான் உட்கார்ந்து, எங்கள் வெயிலை முழுசாகப் படியெடுத்து அரியலூருக்கு அனுப்பினேன்.